மெல்கிசேதேக்கின் இரண்டு வாசல்கள்

சாலேம் நகரில் மெல்கிசேதேக்கே அரசர், ஆசாரியரும் அவரே. பசியில் பலிபீடத்து அப்பத்தைத் தின்ற தன் மகனை அன்று மாலையே கொல்லப்போகிறார்கள் என்று ஆதாள் அரியணையின் முன் அழுதாள். "அப்பம் கடவுளுடையது. ஆசாரியரிடம் மன்னிப்புக் கேள், அம்மா" என்றார் அரசர். அவள் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு ஆலயத்துக்கு ஓடினாள். அதற்குள் அவர் கிரீடத்தை அரியணையில் வைத்துவிட்டு, உள்கதவு வழியாக வந்து வெள்ளை அங்கியில் நின்றார். "பாவத்தை மன்னித்தோம். தண்டனையை நீக்குவது அரசரின் அதிகாரம்" என்றார். ஆதாள் மூச்சிரைக்கத் திரும்பி ஓடினாள். மறுபடி கிரீடம் அணிந்திருந்தவர், "ஆசாரியர் மன்னித்தாரா? யார் சாட்சி?" என்று கேட்டார்.

"நீர்தானே ஐயா மன்னித்தீர்!"

"நான் அரசன். சற்று இரு, அவரையே கேட்டு வருகிறேன்."

"உமக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை என்று ஊரார் சொல்வது மெய்தான். தாய் ஒருத்தி இருந்திருந்தால் இந்தக் கூத்துக்கு முதுகில் இரண்டு வைத்திருப்பாள்."

அவர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். ஆதாள் அதை எடுத்துக்கொண்டு, வேறு எவரும் நுழையாத அந்தக் கதவைத் தள்ளினாள். அங்கியில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்தவரின் தலையில் கிரீடத்தை அழுத்தி வைத்தாள்.

"இப்போது இருவரும் இங்கேயே இருக்கிறீர்கள். பேசி முடியுங்கள்."

மெல்கிசேதேக்கு கையை உயர்த்திக் கிரீடத்தைத் தொட்டார்; கழற்றவில்லை.