மதிலுக்கு ஒரு சாட்சி

"அந்த மதில் பண்டே உள்ளதாக்கும் மெம்பரே. சதானந்தன் போன்ல எடுத்த படம் செல்லாது. இப்போ எதையும் கள்ளமா உண்டாக்கலாமே!" என்றார் கிருஷ்ணன்குட்டி, பஞ்சாயத்து மெம்பர் பிஜியிடம்.

நேற்றுதான் அவர் அந்த மதிலைக் கட்டத் தொடங்கியிருந்தார், பக்கத்து வீட்டுச் சதானந்தனின் மண்ணில் ஒரு முழம் ஏறி.

சதானந்தன் விடுவாரா? நேரே நெய்யாற்றின்கரைக்குப் போய் ஒரு பழைய பிலிம் கேமரா வாங்கினார். கடைக்காரர் புது பேட்டரியும் பிலிமும் போட்டுக் கொடுத்தார்.

படமெடுக்கும்போது மதிலில் சிமெண்டு காய்ந்திருக்கவில்லை. கிருஷ்ணன்குட்டி வெள்ளைத் தாடியைத் தடவியபடி அதன் பக்கத்தில் நின்று சிரித்தார்.

"சிரியும் ஓய், நல்லா சிரியும். பிலிம் கள்ளம் சொல்லாது!"

கழுவி வந்த படத்தையும் நெகட்டிவையும் மெம்பர் பிஜியிடம் நீட்டினார் சதானந்தன். "இதுல ஒண்ணையும் மாத்த ஒக்காது. சம்மதந்தானா ஓய்?"

"சம்மதம்" என்றார் கிருஷ்ணன்குட்டி.

படத்தின் மூலையில் கேமரா தானாகவே பதித்திருந்த தேதியை மெம்பர் உரக்க வாசித்தார். "ஒண்ணு, ஒண்ணு, தொண்ணூத்தாறு."

புது பேட்டரி போட்ட கடைக்காரர் கேமராவில் தேதியைத் திருத்தி வைக்கவில்லை என்பது சதானந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கிருஷ்ணன்குட்டி தாடியைத் தடவினார். "பாத்தீரா மெம்பரே? மதில் கெட்டுன அண்ணைக்கே எனக்கு நரைச்சாச்சு."