சிவப்புப் புள்ளி

மூன்று நாளாக, நிரலை நிறுத்தி நிறுத்திப் பிழை தேடும் டீபக்கருக்கும் பிரவுசருக்கும் ஒத்துவரவே இல்லை. பிரவுசரை அழித்து மறுபடி ஏற்றியபின்தான் சுடலைவடிவுக்கு வழி பிறந்தது. எந்த வரியில் சிவப்புப் புள்ளி வைத்தாளோ, காயல்பட்டினத்து ஜவுளிக்கடைக்கான நிரல் அந்த வரியில் நின்றது. எஃப் ஃபைவ் விசையைத் தட்டினால் மேற்கொண்டு ஓடியது.

முதல்முறை நின்று ஓடியபோது, அப்போதுதான் வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது. இரண்டாம்முறை, ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்த மழை வெறித்து வெயில் வந்திருந்தது.

“அதுக்குள்ள மழை விட்டுட்டே அண்ணாச்சி” என்றாள்.

கம்ப்யூட்டர் சென்டர் முதலாளி பாபநாசம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“எதுக்குள்ளம்மா? நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வாறேன், நீ கண்ணைக்கூடச் சிமிட்டாம அப்படியே இருக்கே. ரெண்டு தடவையும் நான்தான் எட்டி அந்த எஃப் ஃபைவை அமுக்குனேன். அப்புறந்தான் நீ அசையுதே.”

அவள் இரண்டு புள்ளிகளையும் எடுத்துவிட்டாள். நிரல் ஓடிக்கொண்டிருந்தது.

“சரிம்மா, பைய முடி. நான் அம்பாசமுத்திரம் போயிட்டுத் திங்கக்கிழமைதான் வருவேன்” என்று குடையை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கிளம்பினார்.

திரையில் கடைசி வரிக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்புப் புள்ளி இருந்தது. அவள் வைத்ததல்ல. நிரல் அந்த வரியை எட்டியிருந்தது.

கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அண்ணாச்சியின் செருப்போசை மாடிப்படியில் இறங்கித் தெருவோடு கலந்தது.