வால் இல்லாத ஹாலிபட்

"ஏங்க, உங்க ப்ரொஃபைல் போட்டோல அந்த மீனுக்கு வாலையே காணோமே?"

யாமினி இப்படிக் கேட்டதும் கதிர் பார்வையைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். படகு எமரிவில் துறையை விட்டுக் கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அது... ஃப்ரேம்ல அடங்கலைங்க. அவ்ளோ பெருசு!"

"அடேங்கப்பா!" என்று கண்களை விரித்தாள் அவள்.

கதிர் கலிபோர்னியாவில், மில்பிடாஸில் சாஃப்ட்வேர் எஞ்சினியர். சொந்த ஊர் சேலம். அவன் வாழ்நாளில் பிடித்த மீன்களின் மொத்த எண்ணிக்கை பூஜ்யம். "கோடிங் தவிர ஏதாவது ஹாபி காட்டுடா, இல்லைன்னா எவ உன்னைத் திரும்பிப் பார்ப்பா?" என்று அக்கா பிரீத்தி நச்சரித்ததால், மேட்ரிமோனி பக்கத்தில் ஒரு படத்தை ஏற்றிவிட்டான். போன வசந்தத்தில் ஆபீஸ் கும்பலோடு, யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்து ஏறும் இதே மாதிரி ஒரு படகில் வந்தபோது, வேறு யாரோ பிடித்த ஹாலிபட்டைக் கையில் வாங்கி எடுத்துக்கொண்ட படம் அது.

அதைப் பார்த்துவிட்டு, ஜாதகம்கூடக் கேட்காமல் யாமினி போன் செய்தாள். "காபி ஷாப்ல உக்காந்து பேசறதெல்லாம் போர். நீங்கதான் பெரிய ஃபிஷர்மேன் ஆச்சே, ஒரு ட்ரிப் கூட்டிட்டுப் போங்க. கரைக்குத் திரும்பறதுக்குள்ள என் முடிவைச் சொல்லிடறேன்."

அந்தக் குரலைக் கேட்ட நாளிலிருந்து கதிருக்கு அவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. மூன்று வாரம் யூட்யூபே கதியென்று கிடந்தான்.

"இன்னைக்கு சால்மன் கிடைக்குமா?" என்றாள் யாமினி.

"சால்மனுக்கு இந்த வருஷமும் தடைங்க. ஹாலிபட் மட்டும்தான்." மனப்பாடம் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். "ஏப்ரல்ல தண்ணி கொஞ்சம் சூடாகும். முட்டை போட ஆழமில்லாத இடமாப் பார்த்து வளைகுடாவுக்குள்ள வரும். நீரோட்டம் மெதுவா இருக்கணும், காத்து கம்மியா இருக்கணும். ரெண்டுமே இன்னைக்கு இருக்கு. செம டே!"

"எவ்ளோ விஷயம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க! எனக்குத் தூண்டில் வேண்டாம், நான் வேடிக்கை மட்டும்தான்." பையிலிருந்து ஒரு இஞ்சி மிட்டாயை எடுத்து நீட்டினாள். "சும்மா வாயில போட்டுக்கங்க."

ஏஞ்சல் தீவுக்குப் பக்கத்தில் படகு எஞ்சினை நிறுத்திவிட்டு நீரோட்டத்தோடு மிதந்தது. கொக்கியில் உயிருள்ள நெத்திலி. இரண்டு மணி நேரம் கதிரின் தூண்டிலை ஒரு ஜீவனும் சீண்டவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு சீன ஆன்ட்டி அலட்டிக்கொள்ளாமல் இரண்டு பிடித்துவிட்டார். கதிர் கொக்கியில் நெத்திலியை மாற்றி மாற்றிப் பார்த்தான்.

டொக். டொக். தூண்டில் கம்பின் நுனி துடித்தது.

"கடிக்குது! யாமினி, கடிக்குது!"

"இழுக்காதீங்க! முழுங்கட்டும்... இன்னும்... இப்ப! இப்ப இழுங்க!"

ரீல் கிறீச்சிட்டது. கம்பு கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

"ஓடினா விட்டுக் குடுங்க! நின்னா சுத்துங்க! ஆங், அப்படித்தான்!" யாமினி குதித்துக்கொண்டே கத்தினாள். யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று யோசிக்க அவனுக்கு ஏது நேரம்?

படகு உதவியாளன் வலையை விட்டு அள்ளிப்போட, தட்டையான பழுப்பு மீன் ஒன்று தளத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டது. கதிர் எட்டடி துள்ளினான்.

"ஐயோ, என் முத..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அளவுப் பலகையை அவனிடம் தள்ளிவிட்டு உதவியாளன் அடுத்த கூச்சலை நோக்கி ஓடினான். சட்டப்படி இருபத்திரண்டு அங்குலம் இருந்தால் மீன் வீட்டுக்கு. இல்லையென்றால் கடலுக்கு. கதிர் மண்டியிட்டு மீனைப் பலகையில் கிடத்தினான். வால் நுனி இருபத்தொன்றரையில் நின்றது. மூக்கைப் பலகையில் நன்றாக ஒட்டவைத்து மறுபடி அளந்தான். அதே இருபத்தொன்றரை.

"எவ்ளோ இருக்கு?" முதுகுக்குப் பின்னாலிருந்து யாமினி கேட்டாள். படம் எடுக்கப் போனைத் தயாராக வைத்திருந்தாள்.

இருபத்திரண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பலகை அவள் கண்ணில் படவில்லை. படம் கிடைக்கும், நல்ல பதிலும் கிடைக்கும். கதிர் மீனைப் பார்த்தான். ஒரே பக்கத்தில் இருந்த அதன் இரண்டு கண்களும் அவனையே முறைத்தன.

"அரை இஞ்ச் குறையுது," என்றவன், மீனை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீரில் விட்டான். ஒரு துள்ளு, அவ்வளவுதான். அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"இன்னொண்ணும் சொல்லிடறேங்க. அந்த போட்டோல இருக்கிற மீன் நான் பிடிச்சதில்ல. அன்னைக்குப் பூரா எனக்கு வாந்தி. குளிருக்கு முகத்தையே மூடிக்கிட்டிருந்த யாரோ ஒரு புண்ணியவான், ஒரு வார்த்தை பேசாம மீனைக் கையில குடுத்தார். இப்ப விட்டேனே, அதுதான் என் முதல் மீன். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் நியாயம்தான்."

யாமினி போனைத் திருப்பி, கையை நீட்டி, இருவர் முகமும் திரையில் விழும்படி அவனோடு ஒட்டி நின்றாள்.

"மீன்தான் போயிடுச்சேங்க," என்றான் கதிர்.

"போகட்டும். அன்னைக்கு அந்த மீனைப் பிடிச்சுக் குடுத்துட்டு, உங்க கை நடுங்குதேன்னு வால் பக்கத்தைத் தாங்கிக்கிட்டு நின்னது நான்தான். இந்த போட்டோலயாவது என்னை வெட்டிடாதீங்க!"