ஸ்கூட்டருக்கு ஒரு பட்டறை

எழிலன் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு பழைய ஸ்கூட்டர் நின்றிருந்தது. இன்னொரு தடவை கடைத்தெரு வரைக்குமாவது ஓடிவிட வேண்டும் என்பதுதான் அதன் ஆசை.

"உன்னைச் சரிபண்ண முதலில் ஒரு பட்டறை வேண்டும். கையில் இருப்பதை வைத்தே சிக்கனமாகப் போட்டுவிடலாம்" என்றான் எழிலன். ஸ்கூட்டர் பூரித்துப்போனது.

உட்கார முக்காலி தேவைப்பட்டது. ஸ்கூட்டரின் சீட்டைக் கழற்றிப் பலகைமேல் அடித்தான். வெளிச்சத்துக்கு அதன் ஹெட்லைட் போனது. கனமான மேசையைத் தள்ள வசதியாக இருக்குமென்று இரண்டு சக்கரங்களும் போயின.

"இதெல்லாம் வைத்தியம்தானே?" என்று ஸ்கூட்டர் குழம்பிப்போய்க் கேட்டது.

"பின்னே? எல்லாம் உங்களுக்காகத்தான் அண்ணே" என்றது, அதுவரை கழற்றிக்கொண்டிருந்த ஸ்பானர்.

ஆயுத பூஜையன்று பட்டறை தயாரானது. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். எழிலன் முக்காலியில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, பெருமையாகச் சுற்றிப் பார்த்தான்.

"இனி ஒரு வண்டி வந்தால் போதும்."

"கேட்டீங்களா அண்ணே, வண்டி வரப்போகுதாம்!" என்று ஸ்பானர் குதித்தது.

மூலையில் சாய்ந்து கிடந்த ஸ்கூட்டர் வெகுநேரம் யோசித்தது. ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு, வருகிற வண்டிக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று தன்னைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டது.