மடியில் ஒரு கால்

மழையில் ஊறிய பிரேக் பாதிதான் பிடிக்கிறது. கஹவத்தை கார்மெண்ட் தொழிற்சாலைக்குக் கணவனின் கனத்த சைக்கிளில் தயாளினி போகத் தொடங்கி இன்று மூன்றாம் நாள். சீட்டிலிருந்து அவள் கால் தரைக்கு எட்டாது; சரிவு முடியும் இடத்தில் மதகுச் சுவரில் இடது காலை ஊன்றித்தான் நிற்பாள். இன்று அந்தச் சுவரில், தேயிலைக் கொழுந்தெடுக்கக் கிளம்பிய பக்கத்து லயத்து வீட்டுப் பிரேமலதா அக்கா உட்கார்ந்திருக்கிறாள். மதகுக்கு அப்பால் மெயின் ரோட்டில் லொறியின் ஹார்ன் அலறுகிறது. "அக்கா, எந்திரிங்க! எனக்கு நிப்பாட்ட முடியல!" எழுந்திருக்க நேரமில்லை. "மடியில மிதிடி!" என்று கத்தியபடி அக்கா ஹேண்டிலை எட்டிப் பிடிக்கிறாள். தயாளினி மிதிக்கிறாள். செருப்புச் சேறு அக்காவின் இடுப்பில் சுற்றிய படங்குத் துணியில் அப்புகிறது. லொறி இரைந்துகொண்டு கடக்கிறது. தயாளினி அக்காவின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். மடியிலிருந்து காலை எடுக்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.