பாறுகளுக்கு எழுதிக் கொடுத்த உடம்பு

எங்கள் ஊரில் காட்டுக்குக் கடமை இல்லாத வயதே கிடையாது. குழந்தைகள் பறவை எண்ண வேண்டும், இளவட்டங்கள் மரம் காக்க வேண்டும். அறுபது தாண்டியவர்கள், செத்த பிறகு பாறு கழுகுகள் தின்னட்டும் என்று தங்கள் உடம்பை எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம். அப்பா கைநாட்டு வைத்தார், நான் பி.எஸ்சி. முடித்தேன். வசதியான வீட்டுக்காரன் ஒருத்தனும் வைக்கவில்லை.

இப்போது அப்பாவுக்கு எலும்பில் புற்றுநோய். வலி மாத்திரை கொடுக்கக் கூடாது. மருந்து ஊறிய உடம்பைத் தின்றால் கழுகு செத்துவிடுமாம்.

தினமும் காலையில் அவர் ரத்தத்தைச் சோதிக்க வருபவள் இரண்டாம் வகுப்பு யாழ்மதி. பள்ளிக்கூடம் அவளுக்குக் கொடுத்த கடமை அது.

"மாத்திரை போடலையே தாத்தா? சமத்து," என்று கொஞ்சிக்கொண்டே அப்பாவின் விரலைப் பஞ்சால் துடைத்து ஊசியால் குத்தினாள். எதிரே தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏழெட்டுப் பாறுகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒளித்து வைத்திருந்த மாத்திரையை எடுத்தேன். "வாயத் தெறங்கப்பா. எவன் வந்து கேக்கறான்னு பாத்துக்கறேன்."

யாழ்மதி தடுக்கவில்லை. "குடுங்கக்கா. ஆனா தாத்தா ஒடம்பு அப்புறம் ஆகாது. உங்க ஒடம்பத்தான் எழுதிக்குவாங்க. நீங்கதான படிச்சீங்க?"

அப்பா பல்லைக் கடித்து வாயை இறுக மூடிக்கொண்டார். கடைவாயில் விரலை விட்டு நெம்பினேன், திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது.

யாழ்மதி என் இன்னொரு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சால் விரலைத் துடைக்க ஆரம்பித்தாள்.