இரண்டு மாடிக்கு நடுவில்

புத்தாண்டின் முதல் வேலை நாளன்றே ஆபீஸ் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்று தொலைத்தது. உள்ளே மாட்டிக்கொண்டது அக்கவுண்டன்ட் அம்மாளும், கையில் பையோடு ஏறிய முன்பின் தெரியாத ஓர் ஆசாமியும்.

“ஐயோ, யாராவது திறங்களேன்!” என்று கதவைப் படபடவென்று தட்டினாள் அவள்.

“பதறாதீங்க மேடம். புது வருஷம் நமக்கு ஒரு சவாலைக் கொடுத்திருக்கு. சிரிச்ச முகத்தோட ஏத்துக்கணும்” என்றார் ஆசாமி.

“மேலே மீட்டிங்ல மேனேஜர் என்னைக் கடிச்சுக் குதறப்போறார். சிரிக்கணுமாம்!”

“மீட்டிங்ல உட்கார வேண்டாமேன்னு சந்தோஷப்படுங்க மேடம்.”

யோசித்துப் பார்த்தால் அதுவும் வாஸ்தவம்தான். மேனேஜரின் புத்தாண்டுப் பேச்சுக்கு இந்தப் பெட்டி எவ்வளவோ தேவலை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தெம்பில், சுவரில் ஒட்டியிருந்த லிஃப்ட் மெக்கானிக் நம்பருக்குப் போன் போட்டாள்.

ஆசாமியின் பைக்குள் மணி அடித்தது.

அவர் மெல்லத் திரும்பி நின்றுகொண்டு போனை எடுத்தார்.

“சொல்லுங்க மேடம். காலையிலேயே வந்து சரிபண்ணிட்டேன். ஒழுங்கா ஓடுதான்னு பாக்கத்தான் ஏறினேன்.”

“அப்போ மறுபடியும் சரிபண்ணித் தொலைங்க!” என்று அவளும் போனிலேயே கத்தினாள்.

“பண்ணிடலாம் மேடம். ஆனா அதுக்கு நான் வெளியில இருக்கணுமே” என்றார், அப்போதும் சிரித்த முகத்தோடு.